முதலில் வந்தது நோயா, பானமா?

டயட் பானம் குடித்தால் சர்க்கரை நோய் வருமா? பெரியவர்களில் நாலில் ஒருவருக்கு நோய் இருக்கும் கேரளத்தில் இது சில்லறைக் கேள்வி அல்ல. ஆனால் ஆய்வுகள் சொல்வது ஒன்று, தலைப்புச் செய்திகள் சொல்வது இன்னொன்று.

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் ஓர் ஆங்கிலச் சொல் மலையாளமாகவே மாறிவிட்டது: "வித்தவுட்". எது இல்லாமல் என்று டீ மாஸ்டர் கேட்பதில்லை. சர்க்கரை போடாத டீ கைக்கு வந்துவிடும். நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், தலைமைச் செயலக ஊழியர், சாலைக் கடைத்தெருவுக்குச் சரக்கு எடுக்க வந்த வியாபாரி என்று அந்தச் சொல்லைச் சொல்கிறவர்கள் பலதரப்பட்டவர்கள். ஆனால் அவர்களில் பலருடைய பையில் இருக்கும் மாத்திரைப் பட்டை மட்டும் ஒரே மாதிரியானது.

ஒருவர் நோட்டும் பேனாவுமாக அந்தக் கடை வாசலில் நின்று கணக்கெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை போட்டு டீ குடிப்பவர்கள் ஒரு பக்கம், "வித்தவுட்" குடிப்பவர்கள் மறு பக்கம். இரு தரப்பினருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தால், "வித்தவுட்" கோஷ்டியில்தான் சர்க்கரை நோயாளிகள் மிக அதிகமாக இருப்பார்கள். 'சர்க்கரை இல்லாத டீ குடித்தால் சர்க்கரை நோய்' என்று மறுநாள் செய்தி வந்தால் டீ மாஸ்டரே சிரித்துவிடுவார். நோய் முதலில் வந்தது, "வித்தவுட்" பிறகு வந்தது என்பது அவருக்குத் தெரியும்.

அதே கணக்கை டீக்குப் பதில் டயட் கோலாவை வைத்து, மேலைநாட்டில், ஆயிரக்கணக்கானவர்களிடம் எடுத்தால் யாரும் சிரிப்பதில்லை. சர்க்கரைக்குப் பதில் அஸ்பார்டேம், சுக்ரலோஸ், அசிசல்ஃபேம் போன்ற செயற்கை இனிப்புகள் கலந்த பானங்களைப் பற்றி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இத்தகைய செய்தி வருவதும், நோயாளிகள் கலங்கிப்போவதும் வழக்கமாகிவிட்டது.

கேரளத்தில் அந்தக் கலக்கத்துக்குக் காரணம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலுக்காக சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு முழுவதும் 1,13,000 பேருக்கு மேல் பரிசோதித்து 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் இது 14.4 சதவீதம். கேரளத்திலோ 25.5 சதவீதம். கோவாவும் புதுச்சேரியும் மட்டுமே அதைவிட மேலே இருக்கின்றன.

பயமுறுத்திய எண்கள்

டயட் பானங்கள் மீதான குற்றச்சாட்டு காற்றில் வந்ததல்ல. அமெரிக்காவில் பல இனத்தவரைத் தொடர்ந்து கண்காணித்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியானது. தினமும் டயட் சோடா குடிப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, குடிக்காதவர்களைவிட 67 சதவீதம் அதிகம் என்றது அது. 2013-ல் பிரான்சிலிருந்து வந்த முடிவு இன்னும் கடுமையானது. 66,118 பெண்களை 14 ஆண்டுகள் கவனித்ததில், டயட் பானங்களை மிக அதிகம் குடித்தவர்களுக்கு, அவற்றைத் தொடாதவர்களைப்போல 2.21 மடங்கு ஆபத்து. சர்க்கரை போட்ட பானங்களுக்கு இது 1.34 மடங்குதான். 2025-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஆய்வு 36,608 பேரைச் சுமார் 14 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. தினம் ஒரு டயட் பானம் குடித்தவர்களுக்கு 38 சதவீதமும், சர்க்கரை பானம் குடித்தவர்களுக்கு 23 சதவீதமும் ஆபத்து கூடுதலாக இருந்தது.

மேலோட்டமாகப் படித்தால் கிடைக்கும் முடிவு விபரீதமானது: டயட் கோலாவைவிட சர்க்கரை கோலாவே மேல். இந்த முடிவை நம்பி ஒரு நோயாளி பழைய பாட்டிலுக்கே திரும்பினால், ஒவ்வொரு 300 மில்லியிலும் சுமார் 30 கிராம் சர்க்கரை அவர் உடம்பில் ஏறும். ஆய்வைத் தவறாகப் படிப்பதற்கான விலை அது.

91 எப்படி 9 ஆனது?

இந்தச் சிக்கலின் முடிச்சை அவிழ்த்துக் காட்டியது 2011-ல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வு. பல் மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்கள், மருந்தாளுநர்கள் என்று சுகாதாரத் துறையில் வேலை செய்த 40,389 அமெரிக்க ஆண்களை 20 ஆண்டுகள் கவனித்தார்கள். அவர்களில் 2,680 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது.

வயதை மட்டும் கணக்கில் கொண்டு பார்த்தபோது, டயட் பானம் அதிகம் குடித்தவர்களுக்கு 91 சதவீதம் கூடுதல் ஆபத்து தெரிந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் அதுதான் தலைப்புச் செய்தி. ஆராய்ச்சியாளர்கள் நிறுத்தவில்லை. ஆய்வில் சேரும்போதே இவர்கள் உடல்நிலை எப்படி இருந்தது? அதற்கு முன்பே எடை கூடிக்கொண்டிருந்ததா? உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தார்களா? உயரத்துக்கேற்ற எடை இருந்ததா? ஒவ்வொன்றாகக் கணக்கில் சேர்க்கச் சேர்க்க 91 சதவீதம் கரைந்து 9 சதவீதமானது. அந்த 9-ம் தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடிய அளவுதான். அதே கணக்குகளுக்குப் பிறகும் சர்க்கரை பானங்களின் 24 சதவீத ஆபத்து அசையாமல் நின்றது.

காரணம் டீக்கடையில் பார்த்ததுதான். டயட் பானத்தைத் தேடிப் போகிறவர் யார்? இடுப்பு பெல்ட்டில் ஒரு துளை தள்ளிப் போட வேண்டி வந்தவர், அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை நோய் இருப்பவர், 'எல்லைக்கோட்டில் இருக்கிறீர்கள்' என்று டாக்டர் எச்சரித்தவர். நோய் வாசல்வரை வந்த பிறகுதான் அவர் பானத்தை மாற்றுகிறார். சில ஆண்டுகள் கழித்து நோய் உள்ளே வந்ததும் பழி பானத்தின் மீது விழுகிறது. ஆராய்ச்சி உலகம் இதைத் தலைகீழ் காரணம் என்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. எடை பற்றிக் கவலைப்படுகிறவர் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார். அதனால் அவருக்கு நோய் சீக்கிரம் கண்டுபிடிக்கப்படுகிறது. கவலையில்லாமல் சர்க்கரை பானம் குடிப்பவருக்கும் நோய் இருக்கலாம். ஆனால் அது கணக்கில் ஏறுவதில்லை. தேடுகிற இடத்தில்தான் எதுவும் கிடைக்கும்.

2015-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட தொகுப்பு ஆய்வு உலகின் 17 நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தினம் ஒரு டயட் பானத்துக்கு 25 சதவீதமாகத் தெரிந்த கூடுதல் ஆபத்து, உடல் பருமனைக் கணக்கில் எடுத்ததும் 8 சதவீதமாகச் சுருங்கியது. சர்க்கரை பானத்துக்கு 18 சதவீதம் 13 ஆகக் குறைந்தது. பழச்சாறும் தப்பவில்லை, அதன் பங்கு 7 சதவீதம்.

கரையாத மிச்சம்

அப்படியானால் டயட் பானங்கள் குற்றமற்றவை என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? அதுவும் அவசரம்தான். மெல்போர்ன் ஆய்வில் பருமனைக் கணக்கில் எடுத்த பிறகு பலவீனமானது சர்க்கரை பானத்தின் தொடர்பு. டயட் பானத்தின் தொடர்பு நிலைத்து நின்றது. எல்லா வேறுபாடுகளையும் கணக்கில் கொண்டுவர எந்த ஆய்வாலும் முடியாது என்பது ஒரு விளக்கம். இனிப்புகளே ஏதோ செய்கின்றன என்பது இன்னொரு விளக்கம்.

இரண்டாவது விளக்கத்துக்கு ஆதாரம் தேடியவர்கள் இஸ்ரேலின் வைஸ்மன் விஞ்ஞானக் கழகத்தினர். செயற்கை இனிப்புப் பழக்கமே இல்லாத 120 பேருக்கு இரண்டு வாரம் இனிப்புகளைக் கொடுத்துப் பார்த்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். சாக்கரினும் சுக்ரலோஸும் ரத்தச் சர்க்கரையை உடல் கையாளும் விதத்தைப் பாதித்தன. குடலில் வாழும் நுண்ணுயிர்களின் போக்கு மாறியதுதான் இதற்கு வழி என்று தெரிந்தது. ஆனால் பாதிப்பு ஆளுக்கு ஆள் வேறுபட்டது. இரண்டு வார மாற்றம் இருபது வருட நோயாக முடியுமா என்பதை அந்தச் சோதனை காட்டவில்லை.

மறு தட்டில் சென்னையின் சோதனை இருக்கிறது. டாக்டர் வி. மோகன் குழுவினர் சர்க்கரை நோயுள்ள 179 இந்தியர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் டீ, காபியில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் போட்டுக்கொண்டார்கள். 12 வாரம் கழித்து, மூன்று மாத சராசரி ரத்தச் சர்க்கரையில் இரு பிரிவுகளுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. எடை மிகச் சிறிதளவு குறைந்தது. 2024-ல் வெளியான இந்த முடிவு பயத்தையும் ஆதரிக்கவில்லை, அதிசயத்தையும் காட்டவில்லை.

நெய்யாற்றின்கரை சொல்லும் பாடம்

எது முன்னால், எது பின்னால் என்ற குழப்பமே வராமல் ஆய்வு செய்ய ஒரு வழி இருக்கிறது. யார் எந்தப் பக்கம் என்பதை ஆளின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறைக்கு விட்டுவிடுவது. அப்போது பருமனானவரும் ஒல்லியானவரும், கவலைப்படுபவரும் படாதவரும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடுவார்கள். இதற்கு நல்ல உதாரணம் தேட திருவனந்தபுரத்துக்காரர்கள் வெளிநாடு போக வேண்டியதில்லை. தம்பானூரிலிருந்து களியக்காவிளை போகும் பஸ்ஸில் ஏறினால் போதும். வழியில் வருகிறது நெய்யாற்றின்கரை.

கன்னியாகுமரி மாவட்டத்தை ஒட்டிய இந்தத் தாலுகாவில்தான் கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் நடந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகத்தின் அங்கமான அச்சுத மேனன் மையமும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து நடத்தியது. வாக்குச்சாவடிப் பகுதிகள் 60-ஐத் தேர்ந்தெடுத்து, 30 முதல் 60 வயதுக்குட்பட்டவர்களில் நோய் இன்னும் வராத, ஆனால் வரக்கூடிய 1,007 பேரைச் சேர்த்தார்கள். யாருக்கு வரக்கூடும் என்பதை அளந்தது சென்னையில் உருவான ஓர் எளிய மதிப்பெண் பட்டியல். வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் உண்டா என்ற நான்கு கேள்விகள்தான். 100-க்கு 60 வந்தால் ஆபத்து.

குலுக்கலில் பாதிப் பகுதிகளுக்கு ஓராண்டு முழுக்கக் குழுக் கூட்டங்கள் கிடைத்தன. உள்ளூர்க்காரர்களே தலைமை தாங்கி, சாப்பாடு, நடை, புகை, மது என்று பேசினார்கள். மறு பாதிக்கு ஆலோசனைக் கையேடு மட்டும். இரண்டு ஆண்டு கழித்துப் பரிசோதித்தபோது, கையேடு பெற்றவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும், கூட்டங்களுக்கு வந்தவர்களில் 14.9 சதவீதம் பேருக்கும் நோய் வந்திருந்தது.

'சர்க்கரை நோய் 12 சதவீதம் குறைந்தது' என்று கொட்டை எழுத்தில் அறிவித்திருக்கலாம். கணக்கு சரிதான். ஆனால் 2018-ல் முடிவை வெளியிட்ட ஆராய்ச்சியாளர்கள் அப்படிச் செய்யவில்லை. இவ்வளவு பேரை வைத்துப் பார்த்ததில் உண்மையான பலன் 34 சதவீதக் குறைவிலிருந்து 16 சதவீத அதிகரிப்பு வரை எதுவாகவும் இருக்கலாம் என்பதால், நோய் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதினார்கள். ஆபத்து மதிப்பெண் குறைந்தது, காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது என்ற லாபங்களைத் தனியாகச் சொன்னார்கள். தங்கள் சொந்தத் திட்டத்தைப் பற்றி இப்படி எழுதுவதற்கு நேர்மை வேண்டும். டயட் பானச் செய்திகளைப் படிக்கும்போது தேட வேண்டியதும் இதைத்தான்.

டயட் பானத்திலும் குலுக்கல் முறைச் சோதனை நடந்திருக்கிறது. நெதர்லாந்தில் 641 குழந்தைகளுக்குத் தினம் 250 மில்லி பானம் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குச் சர்க்கரை போட்டது, மறு பிரிவுக்குச் செயற்கை இனிப்பு கலந்தது. எது யாருக்கு என்று குழந்தைகளுக்கும் தெரியாது. 18 மாதத்தில் சர்க்கரைப் பிரிவுக் குழந்தைகள் சராசரியாக 7.37 கிலோ எடை கூடினார்கள். மறு பிரிவினர் 6.35 கிலோ. 2012-ல் வெளியான இந்த முடிவு, சர்க்கரை பானத்தோடு ஒப்பிட்டால் டயட் பானம் எடையைக் கூட்டவில்லை என்று காட்டியது. தண்ணீரோடு ஒப்பிட்டால் என்ன என்பது அதன் கேள்வியே அல்ல.

எதோடு ஒப்பிட்டு?

ஆய்வுச் செய்தியில் பெரும்பாலும் காணாமல் போவது இந்தக் கேள்விதான். அமெரிக்காவில் 1,92,000 பேருக்கு மேல் கவனித்து 2019-ல் வெளியான ஆய்வு இதற்கு ஒரு பதில் தருகிறது. தினம் ஒரு சர்க்கரை பானத்துக்குப் பதில் தண்ணீர், காபி அல்லது டீ குடித்தவர்களுக்கு ஆபத்து 2 முதல் 10 சதவீதம் வரை குறைவாக இருந்தது. டயட் பானத்துக்கு மாறியவர்களிடம் அந்தக் குறைவு தெரியவில்லை.

காணாமல் போகும் இரண்டாவது விஷயம் அடிப்படை எண்ணிக்கை. பிரான்சின் 2.21 மடங்கு பயங்கரமாகத் தெரிகிறது. அந்த 66,118 பெண்களில் 14 ஆண்டில் நோய் வந்தது 1,369 பேருக்கு, அதாவது நூற்றுக்குச் சுமார் 2 பேருக்கு. அதைப்போல 2.21 மடங்கு என்றால் நூற்றுக்கு நாலைந்து பேர். இது அலட்சியப்படுத்தக்கூடியது அல்ல. ஆனால் தலைப்பைப் படித்தவர் மனதில் எழும் படமும் அல்ல.

மூன்றாவது, பணம் யாருடையது என்பது. செயற்கை இனிப்பு பானங்களும் எடையும் பற்றிய தொகுப்புக் கட்டுரைகளை 2016-ல் அலசிய ஓர் ஆய்வு, அந்தத் தொழிலின் பணத்தில் எழுதப்பட்டவை அந்தத் தொழிலுக்குச் சாதகமாக முடிவது அதிகம் என்று கண்டது. பயமுறுத்தும் செய்தியைப் போலவே ஆறுதல் செய்தியையும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஜெனிவாவின் நிபந்தனை

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. எடையைக் கட்டுப்படுத்த செயற்கை இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டாம் என்பது அதன் சாரம். சர்க்கரை நோயைப் பற்றிய கவலையும் அதில் இடம்பெற்றது. கேரளத்து வாசகர் கவனிக்க வேண்டியவை அதில் இருந்த இரண்டு நிபந்தனைகள். ஒன்று, பரிந்துரை ஏற்கனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பொருந்தாது. மற்றொன்று, நோயோடு தெரிந்த தொடர்பு ஆய்வில் இருந்தவர்களின் உடல்நிலையால் குழம்பியிருக்கக்கூடும் என்பதால், அது நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரையே. "வித்தவுட்" சிக்கலை ஜெனிவாவும் ஒப்புக்கொண்டது என்று அர்த்தம்.

அடுத்த ஜூலையில் அஸ்பார்டேம் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்' என்ற பட்டியலில் சேர்ந்தபோது இன்னொரு அலை எழுந்தது. அதே நாளில் உணவுச் சேர்மானங்களுக்கான நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை தினமும் பாதுகாப்பானது என்ற பழைய வரம்பை மாற்றாமல் விட்டது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட நாளொன்றுக்கு 9 முதல் 14 டின் குடிக்க வேண்டும். தீங்கு செய்யும் திறன் இருப்பது வேறு, குடிக்கும் அளவில் தீங்கு செய்வது வேறு.

மேஜையில் இருக்கும் விடை

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது இதுதான். சர்க்கரை பானங்கள் நோயை வரவழைக்கின்றன என்பதற்கு ஆதாரம் வலுவானது. டயட் பானங்கள் வரவழைக்கின்றன என்பதற்கு ஆதாரம் பலவீனமானது. ஆனால் பூஜ்யம் அல்ல. அவை நோயைத் தடுக்கும் என்பதற்கோ ஆதாரமே இல்லை. எனவே எப்போதாவது ஆசைக்கு ஒரு கோலா குடிக்கும் நோயாளி, பயத்தில் டயட்டை விட்டுச் சர்க்கரைக்குத் திரும்புவது பெரிய தவறு. டயட் கோலாவைக் குடித்துவிட்டு, மிச்சம் பிடித்த சர்க்கரைக்கு ஈடாக இரண்டு பழம்பொரி சாப்பிடுவது அதற்குச் சளைக்காத தவறு. மருந்தையோ உணவு முறையையோ மாற்றும் முன் கேட்க வேண்டியது டாக்டரை, தலைப்புச் செய்தியை அல்ல.

வீட்டுக்குப் பழக்கமான கேள்விகளும் அப்படியே இருக்கின்றன. நெய்யாற்றின்கரையில் கேட்ட நான்கில் வயதையும் பெற்றோரையும் மாற்ற முடியாது. இடுப்பளவையும் உழைப்பையும் மாற்றலாம். அந்த இரண்டுக்கும் புட்டியில் அடைத்த மாற்று இல்லை.

தாகத்துக்கு விடை திருவனந்தபுரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் கேட்காமலே மேஜைக்கு வருகிறது: பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த வெதுவெதுப்பான இளஞ்சிவப்புத் தண்ணீர். அதில் சர்க்கரை இல்லை, செயற்கை இனிப்பும் இல்லை, பில்லில் அதற்குக் காசும் இல்லை. அதை "வித்தவுட்" என்று சொல்லி வாங்க வேண்டிய தேவையும் இல்லை.